சேலையோடு பார்த்த எடை

சிப்பிமுனைப் பிள்ளைகள் கிளினிக்கில் அஞ்சலா சிற்றூழியராகச் சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. தரையைக் கழுவுவது, சுடுநீர் வைப்பது, வருகிறவர்களுக்கு இலக்கத் துண்டு கொடுப்பது, பிள்ளையைத் தராசில் ஏற்றி எடையை உரக்கச் சொல்வது ஆகியவையே அவருக்கென்று எழுதப்பட்ட கடமைகள். எழுதப்படாதவற்றை அவரே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

சிப்பிமுனை, மன்னார்த் தீவின் கரையோரத்து மீனவக் குடியிருப்பு. முன்பெல்லாம் கிளினிக் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். அந்நேரம் பெண்கள் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருப்பார்கள். கிளினிக்குக்கு வந்தால் அன்றைய வேலை கெடும். வராவிட்டால் ஏச்சு விழும். குடும்பநல உத்தியோகத்தர் சிவராணியிடம் விடாமல் பேசி, அதைப் பத்தரை மணிக்கு மாற்றுவித்தவர் அஞ்சலா. தகப்பன்மார் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நிற்பதே வழக்கமாக இருந்தது. அவர்கள் உட்கார உள்ளே ஒரு நீள வாங்கு போட்டார். பால் கொடுக்கும் தாய்மாருக்கு மூலையில் திரை கட்டினார். டொக்டர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயின் வட்டு பிள்ளைக்குக் குளிரும் என்று, அதை முதலில் தம் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக் கொடுப்பார். டொக்டர் பாயிஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமைகளில், உப்புக்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். வந்து இறங்கியதும் குழாயைக் கழுத்திலிருந்து எடுத்து அஞ்சலாவிடம் நீட்டுவது அவருக்கும் பழக்கமாகிவிட்டது.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில், முகாம் வைத்தியசாலையில், காய்ச்சலில் கிடந்த மூத்த மகளைத் தூக்கிக்கொண்டு அஞ்சலா வரிசையில் நின்றார். இலக்கத் துண்டு எங்கோ விழுந்துவிட்டது. மேசையில் இருந்தவர் எல்லார் முன்னிலையிலும் ஏசினார். அஞ்சலா வெட்கப்பட்டுப் பிள்ளையைக் காட்டாமலே திரும்பினார். காய்ச்சல் தானாக விட்டது. ஆனால் அந்த மகளுக்கு இன்றைக்கும் ஒரு காது கேளாது. சிப்பிமுனைக் கிளினிக்கில் எவரும் ஏச்சு வாங்கித் திரும்பக் கூடாது என்பது அஞ்சலா தமக்குத்தாமே விதித்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறவில்லை. பின்னால் நடந்தவற்றைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

விஜிதா முதன்முதலாகக் கிளினிக்குக்கு வந்தது ஓர் ஆனி மாதத்தில். இருபத்திரண்டு வயது. பெரியமடுவில் கூலி வேலை செய்யும், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். சிப்பிமுனை மில்ரனை விரும்பி, ஞானஸ்நானம் பெற்று மணந்துகொண்டாள். அதன்பின் அவளுடைய வீட்டார் எட்டிப் பார்க்கவில்லை. மில்ரனுக்கோ தாய் தகப்பன் இல்லை. பிள்ளைப்பேறு பார்க்க ஆளில்லாத வீட்டில் சித்திரையில் பிறந்தவன் சுஜன். ஆறு வாரப் பிள்ளையை மேசையில் கிடத்தியபோது, அவனுடைய உதடு நாவற்பழம் தின்ற வாய்போல இருப்பதை அஞ்சலாதான் முதலில் கண்டார்.

டொக்டர் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார்.

"தங்கச்சி, பயப்பிடாமக் கேளுங்கோ. பிள்ளைக்குப் பிறவியிலயே இருதயத்தில ஒரு ஓட்டை இருக்கு. நுரையீரலுக்குப் போற குழாயும் ஒடுக்கம். ஒப்பரேசன் செய்யலாம். கொழும்பிலதான் செய்வினம்."

விஜிதா டொக்டரைப் பார்க்கவில்லை. அஞ்சலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இவன் தப்புவானோ?"

"தப்பாம? செய்யலாம் எண்டு டொக்டர் சொல்லுறாரெல்லோ" என்றார் அஞ்சலா.

ஆடியில் கொழும்புக்குப் போய்வந்தார்கள். அங்கே மருத்துவர்கள் சொன்னது ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை ஐந்து கிலோ வர வேண்டும். வந்ததும் கொண்டுவரலாம், சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும்.

"அவையின்ர சிங்களம் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அக்கா" என்று மில்ரன் திரும்பி வந்து சொன்னான். "அஞ்சு எண்டது மட்டும் விளங்கினது. நேர்ஸ் அம்மா அஞ்சு விரலையும் விரிச்சு என்ர மூஞ்சிக்கு முன்னால பிடிச்சவ. அறையப் போறா எண்டு நினைச்சன்."

வாங்கிலிருந்த தகப்பன்மார் சிரித்தார்கள். அன்றைக்குச் சுஜன் நான்கு கிலோவைத் தொடவில்லை.

டொக்டர் பாயிஸ் ஒரு திட்டம் வகுத்தார். ஒவ்வொரு மாதமும் எடை பார்ப்பது; பாலுக்கு மேலதிகமாகச் சத்துமா கரைத்துக் கொடுப்பது; ஐப்பசி வரையில் எடை ஏறாவிட்டால் மன்னார் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து, மூக்குவழிக் குழாயால் பால் ஏற்றுவது. அப்படியும் ஏறாவிட்டால், ஐந்து கிலோவுக்குக் காத்திராமல் தற்காலிகமாக ஒரு சிறிய சத்திரசிகிச்சையாவது செய்யும்படி கொழும்புக்கு எழுதுவது. ஆகவே எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதைப் பிள்ளையின் எடை குறிக்கும் நீலப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி விஜிதாவுக்கும் விளக்கினார்.

ஆனால் எடை பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆடி மாதக் கடைசியில் சுஜனை உடுப்புக் கழற்றித் தட்டுத் தராசில் கிடத்தினார்கள். தகடு குளிர்ந்தது, பிள்ளை வீரிட்டான். அழ அழ முகம் நீலம் பாரித்தது. பின் அழுகையும் நின்று, கண் மேலே செருகி, கை கால் துவண்டது. டொக்டர் அவன் முழங்கால்களை நெஞ்சோடு மடித்துப் பிடித்து ஒட்சிசன் வைத்தார். மூச்சுச் சீராக ஏழு நிமிடம் ஆயிற்று. அந்த ஏழு நிமிடமும் விஜிதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவனை அழ விடக்கூடாது" என்றார் டொக்டர். "அழுகைதான் இவனுக்கு ஆபத்து."

அடுத்த முறைக்குள் அஞ்சலா ஒரு வழி கண்டார். கிளினிக்கில் கொக்கியோடு ஒரு தொங்கு தராசும் இருந்தது. விஜிதா பிள்ளையைத் தன் பருத்திச் சேலை ஒன்றில் தூளிபோல ஏந்தித் தோளில் கட்டித்தான் கொண்டுவருவாள். அதற்குள் அவன் அமைதியாகத் தூங்குவான். அந்த முடிச்சை அப்படியே தோளிலிருந்து எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் பிள்ளை விழிக்கமாட்டான். காட்டும் எடையில் சேலையின் எடையைக் கழித்தால் சரி. ஆவணியில் விஜிதாவிடம் அந்தச் சேலையை வாங்கித் தனியாக நிறுத்துப் பார்த்தார். நானூறு கிராம். சிவராணி அதைப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி, கீழே கோடிட்டாள்.

அன்றைக்குச் சுஜன் அரைக் கண்ணைத் திறந்து, மறுபடி மூடி, கொக்கியில் ஆடினான். தராசு நான்கு கிலோ நானூறு காட்டியது.

"துணி போக நாலு!" என்றார் அஞ்சலா.

டொக்டர் பாயிஸ் எழுந்து வந்து பார்த்தார். "இதை எந்தப் புத்தகத்தில படிச்சனீங்கள் அக்கா?"

"பிள்ளை பெத்த புத்தகத்தில" என்றார் அஞ்சலா.

அதன் பிறகு மாதந்தோறும் எடை ஏறியது. புரட்டாதியில் நான்கு இருநூறு. ஐப்பசியில் நான்கு நானூறு. மூக்குக் குழாய்க்கென்று வாட்டில் சொல்லி வைத்திருந்த கட்டிலை டொக்டர் தொலைபேசியில் வேண்டாமென்று சொன்னார். மழை தொடங்கி, தெருவெல்லாம் வெள்ளம் நின்ற கார்த்திகையிலும் விஜிதா சேலைக்கு மேல் பிளாஸ்திக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு வந்தாள். நான்கு அறுநூறு. எடை சொல்லும் நேரம் கிளினிக்கில் ஒரு சிறு திருவிழாவாயிற்று. வாங்கிலிருந்த ஆண்கள் மீன் ஏலத்தைப்போலக் கூறத் தொடங்கினார்கள்.

"நாலு அறுநூறு! நாலு அறுநூறு! ஆர் கேக்கிறது?"

"விக்கிறதுக்கில்லை, தள்ளி நில்லுங்கோடா" என்பான் மில்ரன். "இது ஐஸ் போடாத சரக்கு."

"தகப்பன் கருவாடு, மகன் பாரை" என்றான் ஒருவன்.

விஜிதாவும் சிரித்தாள். பிள்ளை பிறந்தபின் அவள் சிரித்ததை அஞ்சலா அன்றைக்குத்தான் கண்டார். கிளினிக் முடிந்த பின்னும் அவள் போகமாட்டாள். அஞ்சலா தரை கழுவும்போது திரைக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டிருப்பாள். பெரியமடுவில் தங்கையின் படிப்பு, தகப்பனின் கோபம், முருங்கன் சந்தியில் ஒருநாள் தாயைத் தூரத்தில் கண்டும் கூப்பிடாமல் நின்றது, எல்லாம் சொல்வாள். அந்த ஊரில் அவளுக்கு வீடு என்று இருந்தது அந்த மூலைதான்.

கார்த்திகையில் டொக்டர், சேலைக்குள் கைவிட்டுப் பிள்ளையின் கையைத் தடவியபடி சற்றே நின்றார்.

"கை மெலிஞ்சு கிடக்கிற மாதிரி இருக்கே, மிஸ்" என்று சிவராணியிடம் சொன்னார்.

சிவராணி நீலப் புத்தகத்தை விரித்து எடைக் கோட்டைக் காட்டினாள். கோடு ஏறிக்கொண்டிருந்தது. டொக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்த்தார்.

மார்கழியில், முடிச்சைக் கொக்கியில் மாட்டும்போது, சேலையின் ஓரம் அஞ்சலாவின் விரலில் நறநறத்தது. கடற்கரையில் மணல் ஒட்டாத துணி ஏது என்று அதை அவர் மறந்துவிட்டார். நான்கு எண்ணூறு.

தை மாதம் இரண்டாம் செவ்வாய், தராசின் முள் ஐந்து கிலோ நானூற்றில் நின்றது. அஞ்சலா உடனே சொல்லவில்லை. இன்னொருமுறை பார்த்தார், சிவராணியைக் கூப்பிட்டும் பார்க்கச் செய்தார். பிறகு, "துணி போக அஞ்சு" என்றார். ஏலம் கூறவும் யாருக்கும் தோன்றவில்லை. மில்ரன் வாங்கிலிருந்து எழுந்து, யாரிடம் போவதென்று தெரியாதவனாய், தராசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாளே டொக்டரின் கடிதத்தோடு கொழும்புக்குப் புறப்பட்டார்கள்.

பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். அன்று கிளினிக் நாளல்ல. மருந்துகளைப் பிரித்து அடுக்க டொக்டர் பாயிஸ் தற்செயலாக வந்திருந்தார். மில்ரன் கடிதத்தை நீட்டிவிட்டு வாங்கில் அமர்ந்தான். விஜிதா திரைக்குப் பின்னால் போய்ப் பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, தானும் அவனருகில் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டாள். இரவு முழுவதும் பேருந்தில் வந்த களைப்பு.

டொக்டர் கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும் மீண்டும் தொடக்கத்திலிருந்து வாசித்தார்.

கொழும்பில் பிள்ளையை உடுப்பில்லாமல் நிறுத்தபோது நான்கு கிலோ முந்நூறு. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. போசணைக் குறைவு கடுமையாக இருந்தது. இருதயம் களைத்துவிட்டது, சத்திரசிகிச்சையையோ மயக்க மருந்தையோ இனி அது தாங்காது. மூன்று மாதத்துக்கு முன், குழாயால் பாலூட்டி உடம்பைத் தேற்றியிருந்தால், இடைக்காலச் சிகிச்சை ஒன்று செய்திருக்கலாம். இப்போது வீட்டில் வைத்து, வேதனை இல்லாமல் பார்த்துக்கொள்வதே வழி.

"மில்ரன், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, டொக்டர் சிவராணியையும் அஞ்சலாவையும் அழைத்தார்.

"இஞ்ச அஞ்சு. அங்க நாலு முந்நூறு. எழுநூறு கிராம் பதினொரு நாளில போகாது. தராசைப் பாப்பம்."

சத்துமாப் பைக்கற்றுகளை ஒவ்வொன்றாகத் தொங்கு தராசில் ஏற்றினார்கள். பைக்கற்றில் அச்சிட்டிருந்ததையே தராசு காட்டியது. தட்டுத் தராசும் அதையே சொன்னது. தராசுகளில் பிழை இல்லை.

அஞ்சலா திரைக்குப் பின்னால் போனார். பிள்ளை கட்டிலில் இருந்தான். சேலை விஜிதாவின் காலடியில் கிடந்தது. அதை எடுத்து வந்து கொக்கியில் போட்டார்.

ஒரு கிலோ நூறு.

சிவராணி பதிவேட்டின் ஓரத்தைப் பார்த்தாள். நானூறு என்று எழுதிக் கோடிட்டிருந்தது. ஆவணிக்குப் பிறகு ஒருவரும் அந்தச் சேலையைத் தனியாக நிறுக்கவில்லை. நிறுக்க வேண்டுமானால் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் அவன் அழுவான்.

சேலையின் கரை நெடுகிலும், வலையின் அடிக்கயிற்றில் ஈயம் கோத்ததுபோல, ஒடுங்கிய பை ஒன்று தைக்கப்பட்டிருந்தது. சாண் அளவுக்கு ஒரு தையலாக ஐந்து பகுதி. அஞ்சலா ஒரு தையலை நகத்தால் நெம்பினார். உள்ளங்கையில் கொஞ்சம் மண் கொட்டியது. சிப்பிமுனையின் வெள்ளை மணல் அல்ல, செம்மண்.

"மடு மண்" என்றார்.

அங்கிருந்த மூவருக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மடு மாதா கோயில் மண்ணை எடுத்துவந்து வீட்டில் வைப்பதும், நோயாளியின் தலைமாட்டில் முடிந்து கட்டுவதும் அந்தக் கரையில் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. மில்ரன் புரட்டாதி முதல் ஒவ்வொரு மாதமும் முதற்சனிக்கிழமை மடுவுக்குப் போய்வருகிறான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவனே வாங்கிலிருந்து சொல்லியிருக்கிறான். ஐந்து முதற்சனி. ஐந்து கைப்பிடி. பிள்ளை எந்நேரமும் அந்த மண்ணோடு கிடக்க வேண்டுமென்று விஜிதா தைத்திருக்கிறாள். எடையைப் பற்றி அவள் யோசித்திருந்தாலும், துணியைக் கழித்துத்தானே சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பாள். கரையில் தைத்த பிறகு மண்ணும் துணிதானே.

"சொல்லத்தான் வேணும் அக்கா" என்று சிவராணி தாழ்ந்த குரலில் சொன்னாள். "இல்லாட்டி முழுப் பிழையும் எங்கட தலையில விழும்."

"விழட்டும்."

"விசாரணை எண்டு வந்தா உங்களைத்தான் முதல்ல கேப்பினம்."

"கேக்கட்டும் மிஸ். அந்தப் பிள்ளையிட்டப் போய், நீ தைச்ச மண்தான் உன்ர மகனைக் கொண்டுபோகுது எண்டு நீங்கள் சொல்லுவீங்களோ? நான் சொல்லமாட்டன்."

சிவராணி டொக்டரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மண் கட்டினது அவங்கட பிழை இல்லை" என்றார். "ஒவ்வொரு முறையும் துணியை நிறுக்காதது எங்கட பிழை. கையைப் பிடிச்சுப் பாத்திட்டும் கோட்டை நம்பினது என்ர பிழை. நான் எழுதுறதும் அப்பிடித்தான்."

அவர் அன்றே கொழும்புக்குத் தொலைபேசியில் பேசினார். வாட்டில் வைத்து இப்போது குழாய் போட்டால், இரண்டு மாதம் தேற்றினால், மறுபடி பார்ப்பீர்களா என்று கேட்டார். மறுமுனையில் பேசியவர் பொறுமையாக விளக்கியது அஞ்சலாவுக்குக் கேட்கவில்லை. டொக்டர் "ஓம்", "விளங்குது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நன்றி சொல்லி வைத்தார்.

பிரித்த தையலை அஞ்சலா அவசரமாகத் தைத்து, சேலையை இருந்த இடத்திலேயே போட்டார். விஜிதா விழித்ததும் அவள் அருகே தரையில் அமர்ந்தார்.

"பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்ல வேணும். ஆவணியில ஒருக்காத்தான் நான் சேலையை நிறுத்தனான். பிறகு நிறுக்கேல்லை. அதால கணக்குப் பிழைச்சுப்போச்சு. அவன் அஞ்சுக்கு வரவேயில்லை. வாட்டில வச்சிருக்க வேணும், வைக்கேல்லை. என்ர பிழை."

விஜிதா பிள்ளையின் பாதத்தைக் கைக்குள் பிடித்தாள்.

"எனக்குத் தெரியும் அக்கா."

அஞ்சலாவின் கண் சேலையின் கரைக்குப் போனது.

"தூக்கிற கைக்குத் தெரியாதே? தோள்ல சேலை பாரமாத்தான் கிடந்தது. ஆனா அதுக்குள்ள இருந்து அவனை எடுத்தா, போன மாசம் மாதிரித்தான் இருந்தான். நான் நினைச்சன் எனக்குத்தான் விளங்கேல்லை எண்டு. நீங்கள் எல்லாரும் ஏறுது, ஏறுது எண்டு சந்தோசப்பட்டீங்கள். ஏறேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்லியிருக்கலாமே, பிள்ளை. நான் ஏசியிருப்பனோ?"

"ஏசமாட்டீங்கள். அதாலதான் சொல்லேல்லை."

தேநீர்க் கடையிலிருந்து திரும்பிய மில்ரனிடமும் அஞ்சலா அதையே சொன்னார். அவன் சத்தம் போடவில்லை. பிள்ளையை வாங்கி, சேலையை விரித்துத் தானே கட்டினான். வாசலில் மட்டும் நின்றான்.

"எங்களை நீங்கள் உங்கட வீட்டு ஆக்கள் மாதிரிப் பாத்தனீங்கள் அக்கா. பிறத்தி ஆக்களாப் பாத்திருந்தா ஒழுங்கா நிறுத்திருப்பீங்கள்."

அவர்கள் போனதும் அஞ்சலா உள்ளங்கையில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கழுவினார்.

சுஜன் மாசி முழுவதும் இருந்தான். டொக்டர் கிளினிக் இல்லாத நாட்களிலும் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தார். சிவராணி மருந்தை அளந்து கொடுக்கக் காட்டிக்கொடுத்தாள். அஞ்சலா இருமுறை போனார். முதல்முறை விஜிதா பிள்ளையைத் தூக்க விட்டாள். இரண்டாம் முறை கதவு சாத்தியிருந்தது. உள்ளே வானொலி மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. அவர் சற்று நேரம் முற்றத்தில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

பங்குனி மாதம், தவக்காலத்தின் ஒரு புதன்கிழமைப் பகலில், தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை இறந்துபோனான். பதினோரு மாதம். அவன் அழவில்லை என்று விஜிதா எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். சாவீட்டுக்கு அஞ்சலா போனபோது, அவருக்குக் கதிரை போட்டார்கள். மற்றப் பெண்கள் விஜிதாவைச் சுற்றிப் பாயில் இருந்தார்கள். பெரியமடுவிலிருந்து தாயும் வந்திருந்தாள். யாரும் அஞ்சலாவை ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஒருவர் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, "எடுங்கோ மிஸ்" என்றார். பத்தொன்பது ஆண்டில் அந்த ஊரில் எவரும் அவரை மிஸ் என்று அழைத்ததில்லை.

விசாரணை நடந்தது. அஞ்சலா, துணியை மறுபடி நிறுக்கத் தவறிவிட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட்டார். பிள்ளைகளை உடுப்பில்லாமல், தட்டுத் தராசில் மட்டுமே நிறுக்க வேண்டுமென்று உத்தரவு வந்தது. எடை பார்க்கும் வேலை சிவராணியிடம் போனது. செவ்வாய்க்கிழமைகளில் முப்பது தாய்மார் வந்த இடத்தில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் பேருந்தேறி மன்னார் நகரத்துக்குப் போனார்கள். கிளினிக்கில் இப்போது எந்நேரமும் ஏதேனும் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும். வாங்கில் ஆண்கள் இல்லை.

வைகாசியில் ஒருநாள், எல்லாரும் போனபின், மில்ரன் வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். அஞ்சலா தரை கழுவிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. இரு."

அவன் இருக்கவில்லை.

"ஒண்டு கேக்க வேணும். விஜிதாவுக்குத் தெரியாது நான் வந்தது. அவ கேக்கச் சொல்லேல்லை."

"கேள்."

"அவன் எப்ப வளராம நிண்டவன்? எந்த மாசம்? நீங்கள் திருப்பிக் கணக்குப் பாத்திருப்பீங்கள்தானே. புரட்டாதியிலயோ, அதுக்குப் பிறகோ? புரட்டாதியில கொஞ்சம் ஏறினவன் எண்டாச் சரி. நான் அப்பதான் நேத்தி வைச்சனான். அதுக்குப் பிறகு கொஞ்சமாவது ஏறினவனோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

கணக்கு அஞ்சலாவுக்குத் தெரியும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கைப்பிடியைக் கழித்து அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஐந்து மாதத்தில் முந்நூறு கிராம். நேர்த்தி வைத்த மாதம் தொடங்கிப் பிள்ளை வளர்ந்ததென்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த எண்ணைச் சொன்னால், மிச்ச எழுநூறு கிராம் எது என்று அவன் கேட்பான், மண்ணைச் சொல்ல வேண்டிவரும். ஏறினான் என்று பொய் சொன்னால், பிறகு எவ்வளவு என்று கேட்பான்.

"தெரியாது தம்பி" என்றார்.

"ஒரு மாசம்கூடத் தெரியாதோ?"

"தெரியாது."

மில்ரன் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எழுதி வச்சிருந்த நீங்கள்" என்றான். "உங்களுக்கே தெரியாதெண்டா நாங்கள் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். கேற்றடியில் அதைப் போட்டுக்கொண்டு கரைப் பக்கம் நடந்தான். அஞ்சலா மிச்சத் தரையைக் கழுவி முடித்து, வாளியைக் கவிழ்த்து வைத்து, அறைகளைப் பூட்டினார்.